இன்னும் எட்டுப் பேர் ஏறலை

ஏனுங்க, நான் ஒண்ணு சொல்றனுங்க. நம்பற மாதிரி இருக்குதா இல்லையான்னு மட்டும் நீங்க சொன்னாப் போதும். உங்களுக்கு என்னையத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது. அதனாலதான் கேக்கறேன். தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னா மூஞ்சிக்காகத் தலையாட்டுவாங்க.

கேளுங்க. "அன்னைக்கு அந்தப் பஸ்ஸுல எம்எல்ஏக்கள் முப்பது பேர் இருந்தாங்க. நானும் அதே பஸ்ஸுலதான் இருந்தேன். என் கண்ணால பாத்தேன். என் மச்சான் நாச்சிமுத்து முதலமைச்சர் பக்கம் பணத்தை வாங்கிட்டு, வேணுமின்னே இருபத்திரண்டு பேர்தான்னு டிவிக்காரங்க முன்னாடி பொய் சொன்னாரு."

எப்படி இருக்குதுங்க? அந்த 'வேணுமின்னே'ங்கற எடத்துல குரல் இறங்குதுங்களா? எனக்கும் அப்படித்தான் தோணுது. வெடியால எந்திரிச்சதும் கண்ணாடி முன்னால நின்னு சொல்லறப்ப நல்லாத்தான் வந்துச்சு. இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மெட்ராஸ்ல பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டு வெச்சிருக்காங்க. நான் இதைச் சொல்லிட்டா இடைத்தேர்தல்ல எனக்குத்தான் சீட்டு. மச்சான் ராஜினாமா பண்ணுனாரே, அதே தொகுதி, வெள்ளியம்பாளையம். சொல்லலைன்னா சீட்டு வேற ஆளுக்குப் போயிரும். அவ்வளவுதாங்க விசயம்.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். என்ற அக்கா. அந்த மச்சானைக் கட்டுனவ. திருப்பூர்ல நான் ரயில் ஏறுனதுலருந்து இப்படித்தான். ஈரோட்டுல ஒருக்கா, சேலத்துல ஒருக்கா. எடுத்தா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதுங்களா? அழுவா. சாபம் குடுப்பா. நாலு மணி தாண்டட்டும், பேசிக்கலாம்.

நீங்க என்னைய ஒரு மாதிரி பாக்கறீங்க. வேண்டாமுங்க. முழுசாக் கேட்டுட்டுப் பாருங்க.

என்ற பேரு தெய்வசிகாமணி. எங்க மச்சானை எங்க பக்கம் நாச்சிமுத்து வாத்தியாருன்னாத் தெரியாத ஆளில்லை. என்ற அக்கா அம்சவேணியைக் கட்டறதுக்கு முன்னாடியே எனக்கு ஏழாவதுல வாத்தியாரு. அதனால மாப்ளைன்னு கூப்பிட வேண்டிய மனுசன் கடைசி வரைக்கும் 'டேய் சிகாமணி'ன்னே கூப்பிட்டாரு. எனக்கு நாப்பத்தாறு வயசு. ஆபீசுல நாலு பேரு உக்காந்திருக்கறப்ப டேய்ங்கறாரு. எப்படி இருக்கும் எனக்கு?

ரிட்டையர்டு ஆகி வீட்டுல உக்காந்திருந்தவரைக் கட்சி தேடி வந்துச்சுங்க. ஏன்னா ரெண்டு பேரு சீட்டுக்கு அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தருக்குக் குடுத்தா இன்னொருத்தரு கவுத்துருவாரு. ரெண்டு பேரும் எதுத்துப் பேச முடியாத ஒரு ஆளு வேணும். ரெண்டு பேருமே மச்சான்கிட்ட முட்டி போட்டுப் படிச்சவங்க. அப்பறம் என்ன, மச்சான் பேரைச் சொன்னதும் ரெண்டும் வாயை மூடிக்கிச்சு.

ஓட்டுக் கேக்கப் போனா சனம் எந்திரிச்சு நிக்குதுங்க. வேட்பாளரு கும்பிடணும், இல்லீங்களா? இவரு 'ஏண்டா, உன்ற பையன் எங்கே, இந்நேரத்துக்கு ஏன் வீட்டுல இருக்கறான்'ன்னு கேப்பாரு. நான் பின்னால நின்னு முதுகைச் சுரண்டுவேன். சின்னத்தைச் சொல்லுங்க மச்சான், சின்னத்தைச் சொல்லுங்கன்னு. அதெல்லாம் அவங்களுக்குத் தெரியும்பாரு. ஆனா ஜெயிச்சாருங்க. நல்லா ஜெயிச்சாரு. நான் பனியன் கம்பெனியில சூப்பர்வைசர் வேலையை விட்டுட்டு அவருக்கு பிஏவாப் போனேன். எல்லாரும் சொன்னாங்க, சிகாமணி, இனி உன்ற காலம்னு.

என்ன காலம்! சட்டசபையில மத்தவங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு கத்தறாங்க. இவரு கையைத் தூக்கிட்டு உக்காந்திருக்கறாரு. கூப்பிடற வரைக்கும் தூக்குன கையை எறக்க மாட்டாரு. வருசத்துக்கு ஒருக்காக் கூப்பிட்டாப் பெருசு. கூப்பிட்டா மலை மேல இருக்கற பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் இல்லை, ஓடு ஒழுகுதுன்னு சொல்லிட்டு நன்றின்னு உக்காந்துக்குவாரு. டிவியில காட்டற மாதிரி ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க.

ஊர்ல அதுக்கு மேல. ரோடு போட்ட கான்ட்ராக்டர் ஒருத்தரு, எங்களுக்கு எலக்‌ஷனுக்கு ஜீப்பு குடுத்தவரு. அவரைக் கூப்பிட்டு, எஸ்டிமேட்டைக் கையில குடுத்து, எந்திரிச்சு நின்னு சத்தமாப் படிங்கன்னுட்டாரு. ஊர்க்காரங்க அத்தனை பேர் முன்னாடி. படிக்கப் படிக்க, 'எங்கே, அந்த ஜல்லி எங்கே, காட்டுங்க'ன்னு கேக்கறாரு. அந்தாளுக்கு வேர்த்து ஊத்துது. அப்பறம் என்னைய வந்து பாத்தாரு. நான்தான் சமாதானம் பண்ணி அனுப்பி வெச்சேன். என்ற மாடி ரூம்புக்கு டைல்ஸ் போட்டுக் குடுத்தது அவருதான். நான் யாருகிட்டயும் ஒரு பைசா வாங்குனதில்லீங்க, அதைத் தெளிவாச் சொல்லிடறேன். பிரியத்துல குடுக்கறதை வேண்டாமுங்கறது மரியாதை இல்லை. டைல்ஸ் பிரியமுங்க.

இப்ப பஸ்ஸுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி அந்த எண்ணற கிறுக்கைச் சொல்லணும்.

மச்சான் வேலைக்குச் சேந்த புதுசுல பிள்ளைகளை அணைக்குச் சுற்றுலா கூட்டிட்டுப் போயிருக்காரு. திரும்பறப்ப சுகுணான்னு ஒரு புள்ளையை விட்டுட்டு வந்துட்டாங்க. பாதி வழியில வந்து பாத்தா புள்ளையக் காணோம். இவரு அந்த வழியா வந்த லாரியைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போயிப் பாத்தா, அது வாட்ச்மேன் குடிசையில உக்காந்து அழுதுட்டு இருந்திருக்குது. ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னையிலருந்து இவருக்கு அந்தப் புத்தி ஒட்டிக்கிச்சு. எந்த வண்டியில ஏறுனாலும் தலை எண்ணுவாரு. கல்யாண வேன்ல எண்ணுவாரு. எழவு வேன்ல கூட எண்ணுவாருங்க! எங்க பெரியப்பா செத்தப்ப சுடுகாட்டுலருந்து திரும்பறோம், இவரு படியில நின்னு, 'ஒரு ஆளு குறையுதே'ங்கறாரு. பெரியம்மா அழுதுட்டு இருந்தவ சிரிச்சுட்டா.

சிரிக்கறீங்க. அப்ப நாங்களும் சிரிச்சோம்.

எங்க கட்சிக்குள்ள சண்டை வந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு பக்கம் முதலமைச்சரு. இன்னொரு பக்கம் அவருகிட்டயே மந்திரியா இருந்த ஒருத்தரு. முப்பது எம்எல்ஏவை இழுத்துட்டாருன்னா ஆட்சி கவுந்துரும், அடுத்த முதலமைச்சரு மந்திரிதான். மந்திரி ஆளு எனக்குப் போன் போட்டாரு. "உங்க வாத்தியாரைக் கூட்டிட்டு வந்துருங்க, அவரு மூஞ்சி டிவியில தெரிஞ்சா எங்களுக்கு மரியாதை. உங்களுக்கு ஒரு வாரியத்துல தலைவர் பதவி"ன்னாரு. சிவப்பு விளக்கு வெச்ச காருன்னு அவரு சொல்லலை, நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்.

மச்சான்கிட்ட உள்ளதைச் சொன்னா வருவாருங்களா? ஓட்டுப் போட்டவன் எங்க, நான் எங்கன்னு ஆரம்பிப்பாரு. அதனால பாதி சொன்னேன். பொய் இல்லீங்க, பாதி. "மச்சான், சட்டமன்றக் குழு ஒண்ணு மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் பாக்கப் போகுது. மந்திரி கூட்டிட்டுப் போறாரு. உங்களையும் கூப்பிட்டிருக்காங்க"ன்னேன். மலைக்குத்தான் போனோம், அதுல பொய் எங்கே இருக்குது? பள்ளிக்கூடம்தான் இல்லை. ஓட்டல்.

மனுசனுக்கு அன்னைக்கு வந்த சந்தோசத்தை நீங்க பாத்திருக்கணும். இத்தனை வருசமா நான் சொன்னது வீண் போகலை பாரு அம்சான்னு அக்காகிட்டச் சொல்லறாரு. பையில ரெண்டு வேட்டி, ஒரு டார்ச்சு, பிள்ளைகளுக்குக் குடுக்கறதுக்கு ஒரு பாக்கெட்டு ஆரஞ்சு முட்டாயி. நான்தான் பையைத் தூக்கிட்டுப் போனேன்.

மந்திரி வீட்டு வாசல்ல பஸ் நிக்குது. ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டிருக்காங்க. ஏன்னா உள்ள இருந்த எம்எல்ஏங்க, மச்சானையும் சேத்து, இருபத்திரண்டு பேருதாங்க. ஆமாங்க, இருபத்திரண்டுதான். நானும் எண்ணிட்டேன், அதை விடுங்க. மிச்ச எட்டுப் பேரு ரெண்டு பக்கமும் போன்ல சரி சரின்னுட்டு இருந்தாங்க. முப்பது ஆயிருச்சுன்னு டிவியில வந்துட்டா அவங்களே ஓடி வந்துருவாங்க. மந்திரியோட கணக்கு அதுதான். நல்ல கணக்குதானுங்களே?

படியில ஒருத்தன் நின்னு எல்லாருகிட்டயும் போனைப் புடுங்கறான். மத்தவங்க மூஞ்சியெல்லாம் செத்துப் போச்சு. எங்க மச்சான், "நல்ல பழக்கம், டூர்ல போன் எதுக்கு"ன்னு எடுத்துக் குடுக்கறாரு.

வெளிய மைக்கைப் புடிச்சுட்டுக் கூட்டம். கதவு இன்னும் சாத்தலை. மச்சான் உள்ள உக்காராம, மந்திரிகிட்டக் கேக்கறாரு, "மொத்தம் எத்தனை பேருங்க வர்றாங்க?" மந்திரிக்கு வாயெல்லாம் பல்லு. டிவிக்காரங்களப் பாத்துட்டே, "முப்பது பேருங்க வாத்தியாரே!"ங்கறாரு. கை தட்டறாங்க.

உடனே இவரு ஆரம்பிச்சுட்டாருங்க. சீட்டுச் சீட்டாத் தொட்டுட்டு, வாய்க்குள்ளயே முணுமுணுத்துட்டுப் பின்னால வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்றாரு. வந்து மெதுவா, "எட்டுப் பேரு குறையுதுங்களே"ங்கறாரு. மந்திரி அவரு தோள் மேல கையைப் போட்டு, காதுகிட்டக் குனிஞ்சு சொன்னாரு. நான் பக்கத்துலயே நிக்கறேன், எனக்குக் கேக்குது. "வாத்தியாரே, இது டூர் இல்லை. பேசாம உக்காருங்க. உங்க மாப்ளை சொல்லலையா?"

மச்சான் என்னையத் திரும்பிப் பாத்தாரு.

திட்டியிருந்தாத் தேவலைங்க. கேட்டாரு, "ஏண்டா சிகாமணி, பள்ளிக்கூடம் பாக்கப் போகலையா?" நான், அப்பறம் சொல்றேன் மச்சான், உக்காருங்க, எல்லாரும் பாக்கறாங்கன்னேன். சரின்னு தலையாட்டுனாரு. நானும் உக்காந்துருவாருன்னுதான் நெனச்சேன்.

நேராப் படிக்குப் போனாரு. படியில நின்னு, உள்ள பாத்துத் திரும்பி, மறுபடியும் மொதல்லருந்து எண்ணறாருங்க. இந்தத் தடவை வாய் விட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு விரலை நீட்டி நீட்டி. அத்தனை மைக்கும் அவரு வாய்கிட்ட. எம்எல்ஏங்க தலையைக் குனிஞ்சுக்கறாங்க. மந்திரி ஆளு ஒருத்தன் அவரு கையைப் புடிச்சு இழுக்கறான், இவரு கம்பியை விடலை. அடி விழுந்துருமோன்னு எனக்குப் பயம். எண்ணி முடிச்சாரு. முடிச்சுட்டு, வகுப்புல கடைசி பெஞ்சுக்குக் கேக்கற குரல்ல சொன்னாரு:

"டிரைவர், வண்டியை எடுக்காதீங்க. முப்பதுன்னு சொன்னாங்க, இருபத்திரண்டுதான் இருக்குது. இன்னும் எட்டுப் பேர் ஏறலை."

முடிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள நாடே அதைப் பாத்துருச்சு. அந்த எட்டுப் பேரும் முதலமைச்சர் வீட்டுக்கு ஓடிட்டாங்க. ஓட்டல்ல இருந்தவங்கள்ல பாதிப்பேரு சுவரேறிக் குதிக்காத குறை. என்ற வாரியம் போச்சு. எல்லாம் ஒரு பழக்கத்தால. பழக்கம்தானுங்க, வேற என்ன? வேணுமின்னு பண்ற ஆளா அவரு? டூருன்னு ஏறுனாரு, டூர்ல பண்றதைப் பண்ணுனாரு.

என்னங்க? ரெண்டாவது தடவை ஏன் எண்ணுனாருன்னா கேக்கறீங்க? அது... சரி பாத்துக்கறதுக்கு. கணக்கு வாத்தியாருல்லீங்களா.

டூருன்னு சொன்னது யாருன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. நான் சொன்னா என்னங்க? சொன்னவன் மேலயா தப்பு, எண்ணுனவரு மேலயா? டூருன்னு ஆயிரம் பேரு போறாங்க. யாராச்சும் எண்ணறாங்களா?

இருங்க, காட்பாடி வந்துருச்சு. மறுபடியும் போனு. பாருங்க அவ புடிவாதத்தை. அடிக்கட்டும்.

அப்பறம் நடந்ததைத்தான் சொல்லலாமா வேண்டாமான்னு இருக்குது. சொல்லியர்றேன். மச்சான் பையைக் கூட எடுக்காமப் பஸ்ஸை விட்டு எறங்கிட்டாரு. எறங்கி, நான் உக்காந்திருந்த ஜன்னலுக்குக் கீழ வந்து நின்னுட்டு, "டேய் சிகாமணி, எறங்கு. என்கூட வந்தவன் நீ. உன்னைய விட்டுட்டு நான் உங்கக்கா மூஞ்சியில எப்படி முழிக்கறது?"ங்கறாரு. நான் திரையை இழுத்து விட்டுக்கிட்டேன். வேற என்னங்க பண்றது? பக்கத்துல மந்திரி ஆளு நிக்கறான். வாரியம் இன்னும் கெடைச்சாலும் கெடைக்கும்னு ஒரு நெனப்பு. வண்டி நகருது, அவரு ஜன்னலைத் தட்டிட்டே கூட வர்றாரு. கொஞ்ச தூரம் தட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் நின்னு போச்சு.

பொழுது சாயற வரைக்கும் மந்திரி வீட்டுக் கேட்டுகிட்டயே நின்னாராம். போலீசுக்காரரு வந்து, எல்லாரும் போயிட்டாங்க, நீங்க போங்க ஐயான்னதுக்கு, "என்கூட வந்த பையன் ஒருத்தன் போயிருக்கான், வந்துருவான்"ன்னாராம். பையனாமுங்க! நரைச்ச மீசை வெச்சுட்டு நான் பையன்! யாரு நிக்கச் சொன்னா? நான் என்ன அணையில விட்டுட்டு வந்த புள்ளையா? கேக்கறப்ப எனக்குக் கோவம் கோவமா வருது. இப்பவும் வருது.

அதுக்கப்பறம் முதலமைச்சர் பக்கத்துலருந்து ஆளு வந்தாங்க, கல்வி மந்திரி ஆக்கறோம்னு. யாருக்காச்சும் கெடைக்குமா? எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேணும்னாலும் வாத்தியாரைப் போட்டிருக்கலாம்! மனுசன் என்ன சொன்னாருன்னா, "தெரியாம ஏறுனாலும் ஏறுனது ஏறுனதுதான். எனக்கு ஓட்டுப் போட்டவங்க என்னைய அந்தப் பஸ்ஸுல பாத்துட்டாங்க"ன்னு ராஜினாமாவைக் குடுத்துட்டு வந்துட்டாரு. நீங்களே சொல்லுங்க, இவரை வெச்சுட்டு ஒரு குடும்பம் முன்னுக்கு வர முடியுமா?

இப்ப மந்திரி தனிக் கட்சி ஆரம்பிச்சுட்டாரு. இடைத்தேர்தல்ல காட்டணும் அவருக்கு. அன்னைக்கு முப்பது இருந்துச்சு, வாத்தியாரு காசு வாங்கிட்டுப் பொய் சொன்னாருன்னு ஆயிட்டா அவரு மானம் திரும்ப வந்துரும். அதைச் சொல்றதுக்குச் சொந்த மச்சினனை விட்டா நல்ல சாட்சி யாரு? மச்சானுக்கு இனி என்ன நஷ்டம் சொல்லுங்க. பதவி இல்லை. எலக்‌ஷன்ல நிக்கப் போறதில்லை. பேரு ஒண்ணுதான் இருக்குது. அதை வெச்சுட்டு என்ன பண்றாரு? வீட்டுலதான உக்காந்திருக்காரு.

அரக்கோணம் தாண்டியாச்சுங்களா? சரி, இன்னொருக்காச் சொல்லிப் பாக்கறேன், கேளுங்க. "அன்னைக்கு அந்தப் பஸ்ஸுல எம்எல்ஏக்கள் முப்பது பேர் இருந்தாங்க. நானும் அதே பஸ்ஸுலதான்..." தண்ணி இருக்குதுங்களா, ஒரு வாய் குடுங்க.

மறுபடியும் அடிக்கறா. எடுக்கச் சொல்லறீங்களா? எடுத்தா அழுவாளுங்க. சரி, உங்களுக்காக எடுக்கறேன். ஒரு நிமிசம்.

சொல்லுக்கா. ம்ம். வண்டியில சத்தம், கேக்கலை. ம்ம். அரக்கோணம் தாண்டிருச்சு. ஆமா. சாப்பிட்டேன். என்ன? யாரு கேக்கறாரு? ...ம்ம். ம்ம். சரிக்கா. வெக்கறேன்.

...

இல்லீங்க. அழலை அவ. திட்டலை. நாலு மணிக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு அவங்களுக்குத் தெரியுமாமா. நேத்தே தெரியுமாமா. ஊரே பேசிக்குதாமா. அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. மச்சான் வெடியாலருந்து அவளை நச்சரிச்சுட்டே இருக்காராம். ஈரோடு தாண்டிட்டானா, சேலம் தாண்டிட்டானா கேளுன்னு. அதுக்குத்தான் அடிச்சிருக்கா. 'மெட்ராஸ்ல கூட்டம் ஜாஸ்தி, சிகாமணி பத்திரமா எறங்கிட்டானான்னு கேட்டுச் சொல்லு அம்சா'ன்னு பக்கத்துலயே நிக்கறாராம்.

அந்தக் குரல் எனக்கும் கேட்டுச்சுங்க. போனுக்குப் பின்னால.

ஸ்டேஷன் வந்துருச்சு போல. அதோ பாருங்க, சால்வையைத் தூக்கிட்டு நிக்கறாங்களே, என்னையக் கூட்டிட்டுப் போகத்தான். வெள்ளைச் சட்டைக்காரரு பெட்டி பெட்டியாப் பாத்துட்டு வர்றாரு. நீங்க முன்னாடி எறங்குங்க, பையை மறந்துறாதீங்க. நானா? நான் சித்த இருந்துட்டு வர்றேன். கால் மரத்துப் போச்சுங்க, வேற ஒண்ணுமில்லை. ரொம்ப நேரம் உக்காந்திருந்தது. இதே வண்டிதான் திரும்பிக் கோயமுத்தூருக்குப் போகுதாமே, மெய்யாலுங்களா?

அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்து விட்டுட்டுப் போங்க. ஆமாங்க, அதுதான். இருங்க, ஒரு போன் பண்ணிக்கறேன்.

அக்கா? நான்தான். மச்சான் பக்கத்துல இருக்காரா? ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கறேன். அவருகிட்டச் சொல்லு. சிகாமணி இன்னும் எறங்கலைன்னு சொல்லு.